மண் மீது பழி போடாதீர்கள்

விழுப்புரம் மாவட்டத்தைப் பற்றி யார் பேச எழுந்தாலும் முதல் வரி ஒன்றாகத்தான் இருக்கிறது: "இயற்கையாகவே பின்தங்கிய மாவட்டம்." மேடையில் அதுதான், கோரிக்கை மனுவில் அதுதான், வேலைவாய்ப்பு முகாமைத் திறந்து வைக்க வருகிறவர்கள் பேச்சிலும் அதுதான். விளக்கம் கேட்டால் அடுக்குவார்கள். வானம் பார்த்த பூமி, வற்றாத ஆறு இல்லை, துறைமுகம் இல்லை, பெரிய ஆலை இல்லை, இருப்பதெல்லாம் ஒரு ரயில்வே ஜங்ஷனும், தெற்கே போகும் பஸ்கள் நின்று போகும் நெடுஞ்சாலை ஓட்டல்களும்தான். இதை வெளியூர்க்காரர்கள் மட்டும் சொன்னால் விட்டுவிடலாம். வளவனூரிலும் விக்கிரவாண்டியிலும் திண்டிவனத்திலும் பிறந்து வளர்ந்தவர்களே "நம்ம பக்கம் என்னங்க இருக்கு" என்று சலித்துக்கொள்கிறார்கள். அந்தச் சலிப்புதான் என்னை இதை எழுத வைக்கிறது.

எண்களை நான் மறுக்கவில்லை. பின்தங்கிய பகுதிகள் மானிய நிதிக்காக 2006-07-ல் மத்திய அரசு நாடு முழுவதும் 250 மாவட்டங்களைப் பட்டியலிட்டபோது, தமிழ்நாட்டில் அதில் இடம்பெற்றவை ஆறே ஆறு. விழுப்புரம் அதில் ஒன்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாநிலத்தின் எழுத்தறிவு 80.09 சதவீதம், அன்றைய ஒன்றுபட்ட விழுப்புரத்தில் 71.88. ஏழ்மை இருக்கிறது, பிழைப்புத் தேடி ஊரைவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள், வெயிலில் கரும்பு வெட்டியும் செங்கல் அறுத்தும் முதுகு ஒடிகிறவர்கள் இருக்கிறார்கள். இவற்றுக்குச் சொல்லப்படும் காரணம்தான் பொய். வளம் இல்லாததால் இந்த மாவட்டம் ஏழையாகவில்லை. இங்கே விளைந்த வளம் இங்கே தங்கவில்லை. விளைவித்தவர் கைக்கு நிலம் வரவில்லை. இல்லாத வளத்துக்கு வானத்தை நொந்துகொள்ளலாம். தங்காத வளத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நம்மிடையேதான் இருக்கிறார்கள். அதனால்தான் முதல் காரணத்தையே எல்லோரும் விரும்பிச் சொல்கிறார்கள்.

முதலில் 'வறண்ட மாவட்டம்' என்ற பேச்சை எடுத்துக்கொள்வோம். இங்கே பெய்யும் ஆண்டுச் சராசரி மழை ஏறத்தாழ 1000 மில்லிமீட்டர். தூத்துக்குடியோடு ஒப்பிட்டால் இது மழை வளமுள்ள மாவட்டம். பெய்கிற மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் ஒரேயடியாகக் கொட்டிவிடுகிறது என்பதுதான் இதன் குணம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் பெய்தது. அதாவது ஆண்டு மழையில் பாதி. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டி, தென் மாவட்டங்களுக்கான ரயில்களை நிறுத்த வேண்டியதாயிற்று. சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட, தென்பெண்ணை கரைபுரண்டு அரசூரில் தேசிய நெடுஞ்சாலையையே மூழ்கடித்தது. நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அந்தத் தண்ணீரெல்லாம் எங்கே போனது? கடலுக்குப் போனது. அடுத்த கோடையில் அதே கரையோர ஊர்களை 'வானம் பார்த்த பூமி' என்று எழுதினோம்.

தண்ணீரைப் பிடித்து வைக்கக் கட்டியவற்றின் கதையைப் பாருங்கள். விழுப்புரத்தை ஒட்டித் தென்பெண்ணையின் குறுக்கே 1949-50-ல் கட்டப்பட்டது எல்லீஸ் சத்திரம் அணைக்கட்டு. ஆழங்கால் வாய்க்கால், ரெட்டி வாய்க்கால் போன்ற கால்வாய்கள் அங்கிருந்து பிரிந்துதான் சுற்றுவட்டார ஏரிகளை நிரப்பின. எழுபது ஆண்டு நின்ற அந்த அணைக்கட்டு 2021 நவம்பர் வெள்ளத்தில் உடைந்தது. கரை மேலும் அரித்துவிடக் கூடாதென்று மிச்சத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள். அதற்குச் சற்று முன்புதான், 2020 செப்டம்பரில், தளவானூரில் 25 கோடி ரூபாய்க்கு ஒரு புதிய தடுப்பணை திறக்கப்பட்டது. நான்கே மாதத்தில், 2021 ஜனவரியில், அதன் ஒரு பக்கம் உடைந்து தண்ணீர் வெளியேறியது. பழையதைப் பராமரிக்கவில்லை, புதியதை உருப்படியாகக் கட்டவில்லை. இந்த இரண்டுக்கும் மண் என்ன செய்யும், மழை என்ன செய்யும்?

நந்தன் கால்வாயின் கதை இன்னும் பழையது. திருவண்ணாமலை மாவட்டத்தில் கீரனூர் அருகே துரிஞ்சலாற்றிலிருந்து பிரிந்து, செஞ்சிப் பக்கத்து முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளை நிரப்பிக்கொண்டு பனமலை வரை வர வேண்டிய கால்வாய் அது. தேர்தலுக்குத் தேர்தல் அதன் பெயர் வாக்குறுதிகளில் வந்துவிடும். தண்ணீர்தான் கடைமடைக்கு ஒழுங்காக வந்து சேராது. ஏரிகளின் கதியும் அதுவே. ஏரி என்றால் கரையும் மதகும் மட்டும் இல்லை. தண்ணீர் வந்து சேரும் வரத்து வாய்க்காலும், நிரம்பி வழியும் கலங்கலும், அடுத்த ஏரிக்குப் போகும் போக்குக் கால்வாயும் சேர்ந்ததுதான் ஏரி. தூர்வாருகிறோம் என்று நடுவில் பொக்லைனை இறக்கி மண்ணை அள்ளிப் போவதோடு வேலை முடிந்துவிடுகிறது. வரத்து வாய்க்காலில் வீட்டு மனை போட்டிருந்தால் அதைத் தொடுவதில்லை. ஆற்றிலோ மணல் அள்ளி அள்ளி ஆறு பள்ளமாகி, தலைமதகு மேட்டில் நிற்கிறது. வெள்ளம் வந்தாலும் வாய்க்காலில் தண்ணீர் ஏறாத நிலை. இதை வறட்சி என்று சொல்லுவது நாணயமில்லை.

பழங்காலத்தவர் இதே மழையை வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள் என்பதற்குச் சான்று கேட்டால், புத்தகம் தேட வேண்டாம். செஞ்சி மலையில் ஏறினால் போதும். 1690 முதல் 1698 வரை ஏறத்தாழ எட்டு ஆண்டு ஔரங்கசீப்பின் தளபதி சுல்ஃபிகர் கான் அந்தக் கோட்டையை முற்றுகையிட்டுக் கிடந்தார். உள்ளே மராட்டிய மன்னர் ராஜாராம். உள்ளே இருந்தவர்களும் சாப்பிட்டார்கள், வெளியே கூடாரம் அடித்திருந்த பெரும்படையும் சாப்பிட்டது. கோட்டைக்குள் இன்றும் நிற்கும் தானியக் களஞ்சியத்தின் சுவர்களையும், சக்கரைக்குளத்தையும், செட்டிக்குளத்தையும், கல்யாண மகாலுக்குத் தண்ணீர் ஏற்றிய ஏற்பாட்டையும் பார்த்துவிட்டு இந்த மண் சோறு போடாத மண் என்று யாரும் சொல்ல முடியாது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியர் கோட்டைகள் 12-ஐ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. 11 மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. மீதி ஒன்று செஞ்சி. அந்த முற்றுகைக்கும் அறுநூறு ஆண்டுக்கு முன், முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில், எண்ணாயிரம் என்ற ஊரில் 340 மாணவர்களுக்கு உணவும் உறைவிடமும் தந்து ஒரு கல்லூரி நடந்தது. அதற்கு நெல் அளந்தது இந்த வட்டாரத்து நிலம். அங்கே படித்தவர்கள் யார், வெளியே நிறுத்தப்பட்டவர்கள் யார் என்ற கேள்வி எனக்கு முக்கியமானது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

மாவட்டம் முழுவதையும் ஒரே நிலமாக நினைத்துப் பேசுவது அடுத்த பிழை. செஞ்சி, மேல்மலையனூர்ப் பக்கம் பாறை நிலம். கிணறு வெட்டினால் கொஞ்ச ஆழத்திலேயே கல் தட்டும். மழையை நம்பிய மானாவாரியும் கிணற்றுப் பாசனமும்தான் அங்கே வழி. விழுப்புரத்தைச் சுற்றித் தென்பெண்ணை கொண்டுவந்து போட்ட வண்டல், அதை ஒட்டிய ஏரிப் பாசனம், நெல்லும் கரும்பும். வளவனூரைத் தாண்டிக் கிழக்கே கண்டமங்கலம், வானூர் என்று போகப் போகப் பாறை ஆழத்தில் இறங்கிவிடுகிறது. மேலே மணற்பாறையும் செம்மண்ணும். அங்கே சவுக்கும் முந்திரியும் நிற்கின்றன. நிலத்தடியில் அடுக்கடுக்காகத் தண்ணீர் தேங்கும் படுகைகள் இருக்கின்றன. இன்னும் கிழக்கே மரக்காணம்: கழிவெளி, உப்பளம், மீனவர் குப்பங்கள். மேல்மலையனூரிலிருந்து மரக்காணம் வரை ஒரு பகல் பொழுதில் போய்விடலாம். அதற்குள் நான்கு வகை நிலம், நான்கு வகைத் தண்ணீர், நான்கு வகைப் பிழைப்பு.

இந்தப் பாறை நிலமும் மணற்பாறை நிலமும் கைகுலுக்கும் இடத்தில்தான் திருவக்கரை இருக்கிறது. அங்கே கல்லாகிப் போன மரங்கள் கிடக்கின்றன. சுமார் 2 கோடி ஆண்டுப் பழமை என்று நிலவியலாளர்கள் கணிக்கிறார்கள். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அதைத் தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது. அந்த மரங்களுக்கு வேரும் இல்லை, கிளையும் இல்லை. எங்கிருந்தோ ஆற்று வெள்ளம் அடித்துக்கொண்டு வந்து போட்டவை என்பதற்கு அதுவே அடையாளம் என்கிறார்கள். தண்ணீரால் செய்யப்பட்ட நிலம் இது.

இதெல்லாம் தெரியாமல் திட்டம் தீட்டினால் என்ன ஆகும் என்பதற்கு வானூரே சாட்சி. அடியில் தண்ணீர் இருக்கிறது என்று ஆழ்துளைக் கிணறுகள் போட்டுக்கொண்டே போனார்கள். கடல் பக்கத்தில் இருக்கும்போது நன்னீரை அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு நீர் உள்ளே வரும். கடற்கரையோரக் கிராமங்கள் இப்போது அந்தப் பயத்தில் இருக்கின்றன. அதே தவற்றைத்தான் கழிவெளியிலும் செய்யப் பார்த்தோம். ஆவணங்களிலும் பேச்சிலும் 'சதுப்பு', 'தரிசு' என்று எவ்வளவு காலம் அலட்சியப்படுத்தினோம்! பழவேற்காட்டுக்கு அடுத்துத் தமிழ்நாட்டின் பெரிய உவர்நீர் ஏரி அது. 2021 டிசம்பரில்தான் 5,000 ஹெக்டேருக்கு மேல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். மழைக்காலத்தில் சுற்றுவட்டார ஏரிகளின் உபரி நீர் முழுவதும் போய்ச் சேரும் இடம் அதுதான். அதைத் தரிசு என்றவர்கள் கையில்தான் மாவட்டத்தின் வளக் கணக்கு இத்தனை நாள் இருந்தது.

இப்போது பொருளாதாரத்துக்கு வருகிறேன். 'பொருளாதாரம் என்று சொல்ல இங்கே எதுவும் இல்லை' என்பவர்கள் மல்லாட்டையை மறந்துவிடுகிறார்கள். எங்கள் பக்கம் நிலக்கடலைக்கு அதுதான் பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன நிலக்கடலையில் முக்கியமான பங்கு அன்றைய தென்னார்க்காட்டினுடையது. மாட்டு வண்டிகளில் புதுச்சேரிக்குப் போய், அங்கிருந்து கப்பலேறி, பிரான்சின் மார்செய் நகரத்து எண்ணெய்ச் செக்குகளுக்கும் சோப்பு ஆலைகளுக்கும் போனது. 1879-ல் விழுப்புரத்திலிருந்து வளவனூர் வழியாகப் புதுச்சேரிக்கு ரயில் பாதை போட்டதில் இந்தச் சரக்குக்கும் பங்கு உண்டு. பல பட்டணங்களுக்கு ரயில் எட்டிப் பார்க்காத காலத்திலேயே வளவனூருக்கு ரயில் வந்தது. வந்ததற்குக் காரணம் இங்கே ஏற்றிப் போக விளைச்சல் இருந்ததுதான். 1890-களில் நோய் விழுந்து விளைச்சல் சரிந்தபோது ஆப்பிரிக்காவின் மொசாம்பிக்கிலிருந்து விதை வந்து பயிர் மீண்டது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இந்த மாவட்டம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல வேண்டிய செய்தி. திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1940-ல் 'டிஎம்வி 2' என்ற நிலக்கடலை ரகம் வந்தது. டிஎம்வி என்பது திண்டிவனத்தின் சுருக்கம். ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் வறட்சிப் பகுதிகளில் அரை நூற்றாண்டுக்கு மேல் உழவர்கள் அந்த விதையைத்தான் விதைத்தார்கள். அதற்குப் பின்னால் எத்தனையோ புது ரகங்கள் வந்தும் அதை விட மனமில்லாதவர்கள் இன்றும் உண்டு. 1967-ல் டிஎம்வி 7 வந்தது. எள்ளிலும் அந்த நிலையத்து ரகங்கள் பரவின. தென்னிந்தியாவின் மானாவாரிக் காடுகளுக்கு விதை கொடுத்த ஊரை விதியற்ற ஊர் என்கிறோம்.

அறுவடைக் காலத்தில், மாசி பங்குனியில், திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குப் போய் நின்று பாருங்கள். கமிட்டி என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். விடியும் முன்பே டிராக்டர்களும் மினி லாரிகளும் வாசலில் வரிசை கட்டிவிடும். குவித்த மல்லாட்டையிலிருந்து வியாபாரி ஒரு பிடி எடுப்பார். கட்டைவிரலால் உடைப்பார். எத்தனை பொக்கு, எத்தனை சுருங்கின பருப்பு என்று உள்ளங்கையிலேயே எண்ணிவிடுவார். தோலைத் தேய்த்து ஒன்றை வாயில் போட்டுக் கடிப்பார். ஈரம் எவ்வளவு என்பது பல்லுக்குத் தெரியும். ஒரு வார்த்தை பேசாமல் சீட்டில் விலையை எழுதிப் போடுவார். அதுதான் மறைமுக ஏலம். நான்கு மாதப் பாட்டுக்கு விலை அரை நிமிடத்தில் முடிவாகிவிடும். விவசாயி சம்மதித்தால் மூட்டை எடைக்குப் போகும். 80 கிலோ ஒரு மூட்டை. சாயங்காலத்துக்குள் லாரி ஏறிவிடும்.

அந்த லாரி எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. பெரும்பாலும் மாவட்டத்துக்கு வெளியே உள்ள எண்ணெய் ஆலைகளுக்கும் மொத்த வியாபாரிகளுக்கும். எண்ணெயாகி, பாட்டிலாகி, பெயர் ஒட்டப்பட்டு அது திரும்பவும் வளவனூர் மளிகைக் கடைக்கு வருகிறது. பிண்ணாக்கு மாட்டுத் தீவனமாக வருகிறது. உழவர் விற்ற விலைக்கும் வாங்கும் விலைக்கும் நடுவில் உள்ள வருமானம் முழுவதும் வேறு மாவட்டக் கணக்கில் ஏறுகிறது. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த ஊர் மக்களின் உழைப்புக்கு அது தகும். விதையைக் கண்டுபிடித்துக் கொடுத்த திண்டிவனத்தைச் சுற்றி நூறு சிறு ஆலைகள் ஏன் எழவில்லை என்று எந்த அரசும் தன்னைத்தானே கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

மற்ற சரக்குகளும் இதே வழியில்தான் போகின்றன. வானூர், திருவக்கரைப் பக்கத்துக் குவாரிகளில் உடைக்கிற ஜல்லியும் எம்-சாண்டும் புதுச்சேரிக்கும் சென்னைக்கும் போய்க் கட்டடமாகின்றன. இங்கே பள்ளமும் தூசியும் லாரி உடைத்த ரோடும் மிச்சம். மரக்காணத்துச் சவுக்கு சென்னையின் சாரக்கட்டுக்கும் காகித ஆலைக்கும் போகிறது. மரக்காணம் உப்பளத்தில் மாதக்கணக்கில் பாத்தியில் கால் வெந்து நிற்பவர்களுக்கு மழைக்காலம் வந்தால் வேலை இல்லை. அரசு தரும் 5,000 ரூபாய் நிவாரணம்தான் அந்த மாதங்களுக்கு. கரும்பு மட்டும் முண்டியம்பாக்கம் தனியார் ஆலையிலும் பெரியசெவலை கூட்டுறவு ஆலையிலும் மாவட்டத்துக்குள்ளேயே சர்க்கரையாகிறது. அங்கேயும் வெட்டு உத்தரவுக்கும் பணத்துக்கும் காத்திருப்பது உழவர்தான்.

புதுச்சேரியைச் சொல்லாமல் இந்தக் கணக்கு முடியாது. நிலவரைபடத்தில் புதுச்சேரி விழுப்புரம் மாவட்டத்துக்குள் துண்டு துண்டாகச் செருகப்பட்டிருக்கிறது. நிலம் ஒன்று, தண்ணீர் ஒன்று, பேச்சு ஒன்று, உறவும் ஒன்று. வீடூர் அணைத் தண்ணீர் கூட இரண்டு பக்கத்துக்கும் பாய்கிறது. ஆனால் விற்பனை வரிச் சலுகைகள் இருந்த காலத்தில் ஆலை வைக்க வந்தவர்கள் எல்லைக்கு அந்தப் பக்கம் சேதராப்பட்டிலும் மேட்டுப்பாளையத்திலும் வைத்தார்கள். வானூர், கண்டமங்கலம், வளவனூர்ப் பக்கத்து ஆண்களும் பெண்களும் காலையில் பஸ் ஏறிப்போய் அங்கே உழைத்துவிட்டு இருட்டில் திரும்பினார்கள். உற்பத்தி மதிப்பு புதுச்சேரிக் கணக்கில் ஏறியது. கூலி மட்டும் இங்கே வந்தது. 1968-ல் தொடங்கிய ஆரோவில்லின் பெரும்பகுதி வானூர் வட்டத்தில் இருக்கிறது. ஊர் உலகம் அதைப் பாண்டிச்சேரி என்றே சொல்கிறது. பிறகு தனிநபர் வருமான அட்டவணையை விரித்து வைத்து, பார், புதுச்சேரி எங்கே, விழுப்புரம் எங்கே என்கிறார்கள். ஒரே மண்ணின் இரண்டு பக்கத்தில் இவ்வளவு வித்தியாசம் இருந்தால், மண் காரணமாக இருக்க முடியாது என்பதற்கு அதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?

தூரத்து ஊர் ஒன்றையும் பார்த்துவிடலாம். அமெரிக்காவின் தெற்கில் உள்ள ஜார்ஜியா மாநிலம். அதுவும் மல்லாட்டைச் சீமைதான். அமெரிக்காவில் விளையும் நிலக்கடலையில் ஏறத்தாழ பாதி அங்கேதான் விளைகிறது. முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் அங்கே நிலக்கடலை விவசாயியாக இருந்தவர். நிலமும் நம்முடையதைப் போல இரண்டாகப் பிரிந்திருக்கிறது: வடக்கே பாறை நிலம், தெற்கே கடலோர மணற்சமவெளி. இரண்டும் சந்திக்கும் கோட்டில் ஆறுகள் அருவியாக இறங்கும்; அந்த வேகத்தைக் கொண்டு ஆலைகள் ஓட்டி அகஸ்டா, மேக்கன், கொலம்பஸ் நகரங்கள் வளர்ந்தன. 1938-ல் அதிபர் ரூஸ்வெல்ட் அமெரிக்கத் தெற்கு முழுவதையும் நாட்டின் முதல் பொருளாதாரப் பிரச்சினை என்று அறிவித்தார். இன்று அதே ஜார்ஜியாவின் அட்லாண்டா விமான நிலையம் பயணிகள் எண்ணிக்கையில் உலகின் முதன்மையான நிலையம். சவானா அந்நாட்டின் பெரிய துறைமுகங்களில் ஒன்று. நடுவில் மண் மாறவில்லை, மழை மாறவில்லை. கிராமத்துக்கு மின்சாரம், சாலை, துறைமுகம், ஆராய்ச்சி, விளைந்த இடத்திலேயே ஆலை என்று பணம் போட்டார்கள்.

அந்தக் கதையின் மறுபாதிதான் எனக்கு இன்னும் முக்கியம். ஜார்ஜியா, அலபாமா, மிசிசிப்பி மாநிலங்கள் வழியாக ஒரு பட்டையாகப் போகும் நிலத்துக்குக் கறுப்புப் பட்டை என்று பெயர். தெற்கின் செழிப்பான மண்ணில் ஒன்று. பருத்தி கொழித்த மண். இன்றும் அமெரிக்காவின் மிக ஏழ்மையான மாவட்டங்கள் பல அந்தப் பட்டையில்தான் இருக்கின்றன. அங்கே உழைத்தவர்கள் அடிமைகள். அடிமைமுறை போன பிறகும் நிலம் அவர்களுக்கு வரவில்லை. மண் கொடுத்ததை மனிதர்கள் பறித்தார்கள்.

இங்கேயும் அதுதான் கதை. 2011 கணக்கெடுப்பில் ஒன்றுபட்ட விழுப்புரம் மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் 29.37 சதவீதம், மாநிலச் சராசரி 20 சதவீதம். தென்பெண்ணைக் கரையில் நன்செய் இருக்கும் ஊர்களில் போய் யாருக்கு எவ்வளவு நிலம் என்று கேளுங்கள். ஆற்று வண்டல் ஒரு பக்கம், காலனி இன்னொரு பக்கம். நாற்று நட்டவரும் மல்லாட்டை ஆய்ந்தவரும் தலைமுறை தலைமுறையாகக் கூலிதான். 1978 ஜூலையில் விழுப்புரம் நகரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். மரியாதைக்கு உரிமை கேட்டால் என்ன நடக்கும் என்று இந்த மாவட்டம் தன் ஏழைகளுக்குக் காட்டிய நாள் அது. ஒரு பெரும்பகுதி மக்களை நிலத்துக்கும் படிப்புக்கும் வெளியே நிறுத்தி வைத்துவிட்டு, எழுத்தறிவு ஏன் மாநிலச் சராசரியைத் தொடவில்லை என்று வானத்தைப் பார்த்துக் கேட்பது பெரிய அநியாயம். எண்ணாயிரத்தைப் பற்றிச் சொன்னபோது இதைத்தான் நினைத்தேன்.

திண்டிவனம் அருகே ஓமந்தூரில் பிறந்த ராமசாமி ரெட்டியார் 1947 முதல் 1949 வரை சென்னை மாகாணப் பிரதமராக இருந்தபோது, 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. நிலத்தின் மீதான பெரும் அதிகாரத்தை ஒரு சட்டத்தால் அசைக்க முடியும் என்று காட்டியவர் இந்த மாவட்டத்துக்காரர். அந்த வேலை பாதியில் நின்றுவிட்டது. மீதியைச் செய்ய ஆளில்லை.

இப்போது ஒரு புதுப் பேச்சு கிளம்பியிருக்கிறது. திண்டிவனத்தில் சிப்காட் வந்துவிட்டது, உணவுப் பூங்கா வருகிறது, வானூர் திருச்சிற்றம்பலத்தில் 2024 பிப்ரவரியில் டைடல் பூங்கா திறந்தாகிவிட்டது, புதுச்சேரி சாலை நான்கு வழியாகிவிட்டது. இனிமேல் விழுப்புரத்துக்கு நல்ல காலம் என்கிறார்கள். வந்தவற்றை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வளவனூர்ப் பிள்ளை கணினி வேலைக்குச் சென்னைக்கு ஓடாமல் திருச்சிற்றம்பலத்துக்குப் போய் வந்தால் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்தப் பேச்சின் அடியில் அதே பழைய நினைப்பு இருக்கிறது: இங்கே ஒன்றும் இல்லாத காலி நிலம் கிடக்கிறது, சென்னையிலிருந்து எதையாவது கொண்டுவந்து வைத்தால்தான் உயிர் வரும் என்ற நினைப்பு. உணவுப் பூங்காவில் திண்டிவனத்து மல்லாட்டைக்கும், ஒலக்கூர், மரக்காணத்துத் தர்பூசணிக்கும், செஞ்சி நெல்லுக்கும் முதலிடம் உண்டா? உள்ளூர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கு அங்கே கொட்டகை போட இடம் உண்டா? அதற்குத் தேவையான தண்ணீர் எந்த ஏரியிலிருந்து, யாருடைய பங்கிலிருந்து? இவற்றுக்குப் பதில் சொல்லாமல் வருவது வெறும் முகவரி மாற்றம்.

ஜங்ஷன் பேச்சும் அப்படித்தான். விழுப்புரத்திலிருந்து சென்னைக்கும் திருச்சிக்கும் மயிலாடுதுறைக்கும் காட்பாடிக்கும் புதுச்சேரிக்கும் தண்டவாளம் போகிறது. அவ்வளவு பாதை கூடும் ஊரில் சரக்கு ஏற்றி இறக்கும் வசதியும் குளிர்பதனக் கிடங்கும் இருந்தால் அது வணிக நகரமாகியிருக்கும். நாம் அதை வண்டி மாறும் இடமாக மட்டும் வைத்திருக்கிறோம். உலகப் பாரம்பரியச் சின்னமாகிவிட்ட செஞ்சிக்கு இன்றுவரை ரயில் இல்லை. செஞ்சி வழியாகப் போக வேண்டிய திண்டிவனம் – திருவண்ணாமலைப் பாதைக்கு 2006-07-ல் ஒப்புதல் கிடைத்தது, ரயில் ஓடவில்லை. செஞ்சி மலை குறுக்கே நின்று மறித்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

ஆகவே, விழுப்புரம் மாவட்டத்தை இயற்கையாகவே பின்தங்கியது என்று சொல்வதை அரசு ஆவணங்களிலிருந்தும் மேடைகளிலிருந்தும் நீக்க வேண்டும். அந்த வாக்கியம் இருக்கும்வரை உடைந்த அணைக்கும், தூர்ந்த வாய்க்காலுக்கும், கிடைக்காத பட்டாவுக்கும் யாரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை. நம் ஊர்க்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளன்று கிராம சபை கூடும். 'நம்ம பக்கம் என்ன இருக்கு' என்று வீட்டில் உட்கார்ந்துவிடாமல் போய், நம் ஏரியின் வரத்து வாய்க்கால் எந்தச் சர்வே எண்ணில் தொடங்கி எந்தச் சர்வே எண்ணில் முடிகிறது, இன்றைக்கு அதில் எவ்வளவு தூரம் தண்ணீர் போக வழி இருக்கிறது என்று கேளுங்கள். கிடைக்கும் பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, எழுதியதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.